கணக்கில் வராத கைகள்!

தூத்துக்குடிக் கடற்கரை சொல்லித்தரும் ஒரு புதிய படிப்பு

இன்னும் விடியவில்லை. கிழக்கே வெள்ளி முளைத்திருக்கிறது. தூத்துக்குடி நகரம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால், ஊருக்கு வெளியே உப்பளத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. கையில் தூக்குச் சட்டி. தலையில் சும்மாடு. வரிசை வரிசையாகப் பெண்கள் வருகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் விளைந்த உப்பைக் கரை சேர்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைப் பறிக்கும். கால் எரியும்.

இந்தப் பெண்களில் வயதான ஒருவரிடம், "ஆச்சி, வீட்டில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"வீட்டிலயா? சும்மாதாம்மா இருக்கேன்" என்று பதில் வரும்.

சும்மாவா? காலை 2 மணிக்கே எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பேரப்பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு அல்லவா வேலைக்கு வந்திருக்கிறார்! அதெல்லாம் வேலை இல்லையா?

இந்த ஒரு கேள்வியில் இருந்து ஒரு பெரிய படிப்பே பிறந்திருக்கிறது. உலகத்தின் பல பல்கலைக்கழகங்களில் அதற்கு எம்.ஏ. பட்டம் கொடுக்கிறார்கள். டாக்டர் பட்டமும் கொடுக்கிறார்கள்!

இது என்ன படிப்பு?

"பாலினமும் பன்னாட்டு வளர்ச்சியும்" என்பது அந்தப் படிப்பின் பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். விஷயம் எளிது.

பிள்ளை பெறுவது பெண்ணுக்கு இயற்கை கொடுத்த வேலை. அதை மாற்ற முடியாது. ஆனால், உப்புச் சுமை பெண்ணின் தலையில், நிலப் பத்திரம் ஆணின் கையில் என்பது இயற்கை கொடுத்ததா? இல்லை. மனிதர்கள் வைத்த வழக்கம். வழக்கத்தை மாற்றலாம். இந்த வழக்கத்துக்குத்தான் படித்தவர்கள் "பாலினம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாட்டில் அணை கட்டுகிறார்கள். துறைமுகம் கட்டுகிறார்கள். புதிய படகு கொடுக்கிறார்கள். கடன் கொடுக்கிறார்கள். இதனால் ஆணுக்கு என்ன கிடைத்தது? பெண்ணுக்கு என்ன கிடைத்தது? யாருக்குச் சுமை குறைந்தது? யாருக்குக் கூடியது? இதை ஊர் ஊராகப் போய் விசாரித்து அறிவதுதான் இந்தப் படிப்பு.

இதற்குத் தூத்துக்குடியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

சிப்பியை எண்ணினார்கள்!

தூத்துக்குடி என்றால் முத்து. கடலுக்கு அடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் "பார்" என்று பெயர். குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பொறுக்குவார். கயிற்றை அசைத்ததும், படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பார்? மச்சான்! மனைவியின் உடன்பிறந்தவர். "தன் தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான்" என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. கடலுக்குள் இறங்கியது ஆண். மேலே கயிறு பிடித்ததும் ஆண். ஆனால், அந்தக் கயிற்றுக்கு வலிமை கொடுத்தது கரையில் காத்திருந்த ஒரு பெண்ணின் தாலி!

தூத்துக்குடியில் 1955-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் முத்துக் குளிப்பு நடந்தது. 1961-ஆம் ஆண்டோடு அது நின்றது. எடுத்த சிப்பியில் 2 பங்கு அரசாங்கத்துக்கு. 1 பங்கு குளியாளிக்கு. எத்தனை படகு போயிற்று, எத்தனை பேர் குளித்தார்கள், எத்தனை சிப்பி கிடைத்தது என்று கணக்கு எழுதினார்கள். சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள்.

சிப்பியை எண்ணினார்கள். ஆனால், புருஷன் கடலில் இருக்கும்போது வீட்டையும் பிள்ளைகளையும் கடனையும் சமாளித்த மனைவியை யாரும் எண்ணவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை.

வலை பின்னிய விரல்கள்

முத்துக்குப் பிறகு மீனைப் பார்ப்போம்.

முன்பெல்லாம் வலை நூல் வலை. கடற்கரை ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். பேசிக்கொண்டே கை ஓடும். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கை ஓடும். அதில் நாலு காசு கிடைக்கும். அந்தக் காசு பெண்ணின் சொந்தக் காசு.

பிறகு காலம் மாறியது. 1952-இல் நார்வே நாட்டுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் மீன்பிடித் தொழிலைப் புதிதாக்கும் வேலை தொடங்கியது. விசைப்படகு வந்தது. ஐஸ் தொழிற்சாலை வந்தது. நைலான் வலை வந்தது. நம் கடற்கரையிலும் விசைப்படகுகள் பெருகின. இறால் கப்பல் ஏறியது. பணம் புரண்டது.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், பெண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

விசைப்படகு ஓட்டும் பயிற்சி ஆணுக்குக் கிடைத்தது. படகுக் கடன் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. நைலான் வலையை இயந்திரம் பின்னியது. திண்ணையில் ஓடிய விரல்கள் நின்றன. முன்பு கரையில் படகு ஒதுங்கியதும் கூடைக்காரப் பெண்கள் சிறுகச் சிறுக மீன் வாங்குவார்கள். இப்போது மீன் ஒரே துறையில் மொத்தமாக ஏலம் போனது. லாரி வைத்திருக்கும் வியாபாரியோடு, கையில் சிறு முதல் வைத்திருக்கும் கூடைக்காரி எப்படிப் போட்டி போடுவார்? இறால் உரிக்கும் கொட்டகையில் பல பெண்களுக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆனால், நேற்று வரை முதலாளியாக இருந்தவர் இன்று கூலியாளானார்.

யாரும் பெண்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. அவர்களை நினைக்கவே இல்லை! அதுதான் சங்கதி.

டென்மார்க் அம்மையார்

இந்தச் சங்கதியை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் எஸ்தர் போசரப் அம்மையார். டென்மார்க் நாட்டுப் பொருளாதார நிபுணர். 1910-இல் பிறந்தவர். 1950-களின் இறுதியில் இந்தியாவிலும் சில ஆண்டுகள் தங்கி ஆராய்ச்சி செய்தவர்.

பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கு பற்றி 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் உழவு வேலையில் பெரும்பகுதியைச் செய்தது பெண்கள். ஆனால், வெளியே இருந்து வந்த அதிகாரிகள் புதிய கருவியையும் பயிற்சியையும் ஆண்களுக்கே கொடுத்தார்கள். விளைவு? ஆண் முன்னேறினான். பெண் பழைய மண்வெட்டியோடு நின்றாள். நாடு வளரும்போது பெண்ணின் நிலை தானாக உயர்ந்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். "அப்படி இல்லை" என்று கணக்கோடு காட்டினார் போசரப்.

நம் நாட்டிலும் விழிப்பு வந்தது. பெண்களின் நிலையை ஆராய 1971-இல் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1974-இல் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். 1901-இல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971-இல் அது 930 ஆகக் குறைந்திருந்தது!

1975-ஆம் ஆண்டை ஐ.நா. சபை உலகப் பெண்கள் ஆண்டாகக் கொண்டாடியது. அதன் பிறகுதான் இந்தப் படிப்பு பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் ஜெர்மன் பேராசிரியை மரியா மீஸ் 1979-இல் இதற்கென ஒரு பாடத் திட்டம் தொடங்கினார்.

இந்த அம்மையார் ஆராய்ச்சி செய்த இடம் எது தெரியுமா? ஆந்திராவில் உள்ள நரசாபுரம்! அங்கே வீட்டுக்குள் இருந்தபடியே பெண்கள் நூலால் லேஸ் பின்னுகிறார்கள். அந்த லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. வியாபாரிகள் செல்வந்தரானார்கள். பின்னிய பெண்ணுக்குக் கிடைத்ததோ சொற்பக் கூலி. காரணம்? "அவர்கள் குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். வேலை என்று எண்ணாததால் கூலியும் குறைந்தது! இதை 1982-இல் புத்தகமாக எழுதி வெளியிட்டார் மரியா மீஸ்.

பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர்

ஆனால், அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே, ஒரு தமிழ்ப் பெண்மணி தூத்துக்குடி உப்பளத்துக்கு வந்துவிட்டார். அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். 15 வயதில் கல்யாணமானவர்.

அவர்தான் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன்.

முசிறியில் 1925-இல் பிறந்தவர். கதை எழுதுவதற்கு முன் அந்த மக்களோடு போய்ப் பழகி, விசாரித்து, குறிப்பு எடுத்து எழுதுவது இவருடைய வழக்கம். நீலகிரிக்குப் போய் எழுதினார். சம்பல் பள்ளத்தாக்குக்குப் போய் எழுதினார். இந்தக் கடற்கரையின் மீனவர் வாழ்வை வைத்து "அலைவாய்க் கரையில்" எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி "கரிப்பு மணிகள்" எழுதினார். அது 1979-இல் வெளிவந்தது.

உப்பு எப்படி விளைகிறது என்பது மட்டுமல்ல அந்த நாவல். உப்பளத்தில் பெண் எப்படி நடத்தப்படுகிறாள், கூலி எப்படிப் பிடிக்கப்படுகிறது, மானத்தோடு வேலை செய்ய அவள் எவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் வருகிறது. இன்று எம்.ஏ. மாணவிகள் "களப்பணி" என்று படிப்பதை, யாரும் சொல்லித்தராமலே செய்து காட்டினார் ராஜம் கிருஷ்ணன். 2014-இல் அவர் காலமானார். தமிழ்நாடு அரசு 2009-இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கிப் பெருமைப்படுத்தியது.

மூன்று கேள்விகள்

இந்தப் படிப்பில் மாணவர்களுக்கு முதலில் மூன்று கேள்விகளைச் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1980-களில் வகுத்துக் கொடுத்த முறையை ஒட்டியவை இவை.

யார் எந்த வேலையைச் செய்கிறார்?

நிலம், கருவி, பணம் எல்லாம் யாருக்குக் கிடைக்கிறது?

முடிவு செய்வது யார்?

இந்த மூன்று கேள்விகளோடு மீண்டும் உப்பளத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக உப்பு விளைவது தூத்துக்குடி மாவட்டத்தில். சுமார் 25,000 ஏக்கரில் உப்பளங்கள் இருக்கின்றன. உப்பு நீரைத் தெப்பங்களில் தேக்கி வெயிலில் காய விடுகிறார்கள். நீரின் கனத்தை அளக்கும் கருவி 24, 25 டிகிரி காட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன் பாத்தியின் மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உப்பு விளைந்ததும் பலகையால் வார வேண்டும். பிறகு அதைச் சுமந்துபோய் அம்பாரமாகக் குவிக்க வேண்டும்.

முதல் கேள்வி: யார் செய்கிறார்? மிதிப்பதில் பெண் உண்டு. வாருவதில் பெண் உண்டு. தலையில் சுமப்பது பெரும்பாலும் பெண்தான். ஒரு சுமை 25, 30 கிலோ இருக்கும். வரப்பில் ஏறி இறங்கி எத்தனை நடை! காலில் புண் ஏற்பட்டால் உப்பு நீர் பட்டு ஆறாது. கண் பார்வை மங்கும். நிழல் இல்லை. ஒதுங்க மறைவிடம் இல்லாத அளங்களும் உண்டு. அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு என்ன ஆகும்?

இரண்டாவது கேள்வி: யாருக்குக் கிடைக்கிறது? சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் "ஆண் வேலை வேறு, பெண் வேலை வேறு" என்று பிரித்துப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்ந்தது.

மூன்றாவது கேள்வி: முடிவு யார் கையில்? எந்த நாள் வேலை, எவ்வளவு கூலி, மழைக்காலத்தில் முன்பணம் உண்டா, இல்லையா என்பதைச் சொல்பவர் பாத்திக்குள் இறங்குவதில்லை!

துறைமுகத்துப் புத்தகத்தைத் திறந்தால், எந்தக் கப்பலில் எத்தனை டன் சரக்கு ஏறியது என்று கிலோ சுத்தமாகச் சொல்வார்கள். அம்பாரமாகக் குவிந்த உப்பு எத்தனை நடையில் குவிந்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடலுக்குள் ஒரு வெற்றி

மனம் தளர வேண்டாம். இதே மன்னார் வளைகுடாவில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது.

தூத்துக்குடியில் இருந்து இராமேசுவரம் வரை கடலில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. 1986-இல் இது கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. இராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்து வருகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பல வகை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்குவார்கள். முத்துக் குளித்தது ஆண் என்றால், பாசி குளிப்பது பெண்!

பூங்கா வந்ததும் சிக்கலும் வந்தது. "தீவுப் பக்கம் வரக்கூடாது" என்றார்கள் அதிகாரிகள். "எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்றார்கள் பெண்கள். கடலில் மீன் பிடிக்கும் ஆணுக்கு "மீனவர்" என்ற அடையாளம் உண்டு. பாசி எடுக்கும் பெண்ணுக்கு எந்த அடையாளமும் இல்லை.

பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பெண்மணி பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டினார். அதிகாரிகளோடு பேசினார். பெண்களும் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது. இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டுமே எடுப்பது! பிழைப்பும் நடக்க வேண்டும், கடலும் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி நிறுவனம் லட்சுமிக்குப் பரிசு கொடுத்தது. பரிசுத் தொகை 10,000 டாலர்!

எண்ணினால் என்ன நடக்கும்?

"இதையெல்லாம் படித்து என்ன பயன்? கூலி கூடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எண்ணினால்தான் கொடுக்க முடியும். இதோ சில உதாரணங்கள்:

2004 டிசம்பர் 26. சுனாமி. படகு இழந்தவர்களுக்குப் படகு கொடுக்க உலகமே ஓடி வந்தது. கூடையும் முதலும் இழந்த மீன்காரப் பெண்ணைப் பலர் மறந்தார்கள். அப்போது பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பின. தமிழ்நாட்டில் சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் பாதி பெண்ணுக்குச் சொந்தம்!

மீனவ மகளிருக்குச் சேமிப்பு நிவாரணத் திட்டம் வந்தது. பெண் 1,500 ரூபாய் சேமித்தால், அரசு 3,000 ரூபாய் சேர்த்துத் தரும். வருமானம் இல்லாத மாதங்களில் அந்த 4,500 ரூபாய் அடுப்பை எரிய வைக்கும்.

உப்பளத்தில் அக்டோபர் முதல் மழைக்காலம். வேலை கிடையாது. நெடுங்காலம் இதைக் கேட்பார் இல்லை. அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வந்திருக்கிறது. சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தவர்களை, வேலை இழந்தவர்கள் என்று எண்ணியதன் பலன் இது.

2019-இல் இந்திய அரசு முதன்முறையாக நாடு முழுவதும் நேரக் கணக்கு எடுத்தது. அப்போது வீட்டு வேலை செய்யும் பெண் கூலி இல்லாமல் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடம். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண் செலவிட்டது 97 நிமிடம்! ஆச்சியின் "சும்மா"வுக்கு இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது.

நம் ஊரிலும் படிக்கலாம்

இதைப் படிக்க லண்டனுக்கும் ஹேக்குக்கும்தான் போக வேண்டும் என்பதில்லை. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கியது. அங்கே மகளிரியல் படிக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் துறை இருக்கிறது. தூத்துக்குடியில் புனித மரியன்னை கல்லூரி 1948-இலிருந்தே பெண்களைப் பட்டதாரிகளாக்கி வருகிறது. அளத்துக்குப் போகும் தாயின் மகள் பட்டம் வாங்கி, அந்த மூன்று கேள்விகளோடு அளத்துக்குத் திரும்பி வந்தால், அவளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பாடம் வீட்டிலேயே படித்துவிட்டாள்!

பட்டம் இல்லாதவர்களும் இன்றே ஒரு பாடம் படிக்கலாம். ஒரு தாள் எடுங்கள். பென்சில் எடுங்கள். காலையில் முதலில் எழுந்தது யார், தண்ணீர் பிடித்தது யார், கடைசியில் சாப்பிட்டது யார், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது யார் என்று எழுதுங்கள். எதிரே நேரத்தையும் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். எந்த வேலையை யார் மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள்.

உப்பளத்தில் பொழுது விடிந்துவிட்டது. அம்பாரங்கள் வெயிலில் பளபளக்கின்றன. ஆச்சி கடைசிச் சுமையை இறக்கிவிட்டுச் சும்மாட்டை உதறுகிறார். வீட்டுக்குப் போனதும் அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது.

இன்று மத்தியானம் சோற்றில் உப்புப் போடும்போது, அந்த ஆச்சியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பரிமாறும் உங்கள் அம்மாவையும் பாருங்கள். "அம்மா சும்மாதான் இருக்கிறாள்" என்ற சொல் இனி உங்கள் வீட்டில் வேண்டாம்!